ஆன் தி எஸ்டேட்

நகல் ஒன்றுக்கு இருபது காசு.
ஆங்கிலக் கடிதம் ஐந்து வெள்ளி, பிழைக்கு நானே பொறுப்பு.
பஹாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் கடை இவ்வளவுதான்.

கெம்பாஸ் தோட்டத்திலிருந்து பதினொரு பேர் வந்தார்கள்.
நாலு பேர் உள்ளே, மீதிப் பேர் அஞ்சடியில்,
லாரிப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
நாகரெத்தினம் சொன்னார், நான் தட்டினேன்:
வீட்டு விஷயம் பற்றி உங்களோடு பேச வேண்டும்.
டிஸ்கஸ் அபௌட் என்று அடித்தேன்.
பற்றி என்றாரே, எப்படி விடுவது?

ஒன்பதாம் நாள் கம்பெனி வக்கீலிடமிருந்து
என் கடிதமே திரும்பி வந்தது.
பதில் என்று ஒரு வரி இல்லை.
அபௌட் மட்டும் சிவப்பு மையில் வெட்டுப்பட்டிருந்தது.

அன்று இரவு அகராதியோடு உட்கார்ந்தேன்.
வக்கீல் சொன்னது சரி.
டிஸ்கஸ் எதையும் பற்றிக்கொள்ளாத ஜென்மம்.
டிமாண்ட் இன்னும் மோசம்:
வினையாய் இருக்கும்வரை வெறுங்கையோடு நடக்கிறது,
பெயராகிவிட்டால் ஒரு ஃபார் இல்லாமல் நகர மாட்டேன் என்கிறது.
கெம்பாஸ் வீரபத்திரன் மாதிரி.
பால் வெட்டியபோது வாளியைத் தானே சுமந்தவர்,
மண்டோர் ஆன மறுநாள்
குடை பிடிக்க ஓர் ஆள் கேட்டாராம்.

என்டைட்டில்ட் என்றால் டு.
டிப்ரைவ்ட் என்றால் ஆஃப்.
யார் முடித்துவைத்த கல்யாணங்களோ,
காரணம் கேட்டால் அகராதி
அடுத்த பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது.

பிறகு நோட்டீஸ் வந்தது.
தோட்டத்தில் குடியிருப்போர் முப்பது நாளில் காலி செய்க.
நான் வாசிக்க வாசிக்க
பச்சையம்மா குறுக்கே விழுந்தாள்.
"ஆன் தி எஸ்டேட்டா? ஆன்னா மேலதானே?
நாங்க என்ன கூரை மேலயா குடியிருந்தோம்?"
அஞ்சடியில் யாரோ சிரித்தார்கள்.

அதையும் தேடிப் பார்த்தேன். பிழை இல்லை.
ஆபீசுக்கு இன். பங்களாவுக்கு இன்.
ஜெயிலுக்குக்கூட இன்.
தோட்டத்துக்கு மட்டும் ஆன்.
நாற்பத்தோரு வருஷம்
செம்பனை ஓலையில் நின்ற மழைத்தண்ணி மாதிரி
மேலேயே இருந்திருக்கிறார்கள்.
ஓலையை ஓர் உலுக்கு உலுக்கினால் போதும்.

நம் மொழி யோக்கியமா என்றால், அதுவும் சொல்வதற்கில்லை.
ஆங்கிலத்தில் இன் என்றால் உள்ளே.
நம் இலக்கணத்தில் இன் ஐந்தாம் வேற்றுமை, நீங்கல்.
இல் இன்னும் குழப்பக்காரன்:
ஐந்தில் நின்று வெளியேற்றுவான்,
ஏழில் நின்று குடிவைப்பான்,
தனியே நின்றால் வீடு,
அதே மூச்சில் இல்லை.
எஸ்.பி.எம். தமிழில் எனக்கு சி.
பரீட்சையில் இதைக் கேட்டார்கள்,
நான் தூய்மைக்கேடு பற்றிக் கட்டுரை எழுதிவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடிதத்துக்கு வந்தபோது
யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.
"நீயே போடும்மா, வெட்ட முடியாத மாதிரி போடு"
என்றார் நாகரெத்தினம்.
லிவ் இன், லிவ் ஆன், லிவ் அட்
மூன்றையும் அடித்து அழித்தேன்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
வெளியே ஜெம்போல் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது,
யாரும் ஏறப் போகவில்லை.

வீ லிவ் ஹியர்.

ஹியருக்கு முன்னால் எதுவும் வராது.
உள்ளே, மேலே, பக்கத்தில் எதுவும் ஒட்டாது.
சிவப்புப் பேனா வந்தால்
எதை வெட்டும் என்று பார்க்கலாம்.

எட்டுக் கையெழுத்து, மூன்று கைநாட்டு.
கைநாட்டின் மை கொஞ்சம் ஹியரின் மேல் வழிந்துவிட்டது.
வேறு அச்சிடட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்கள்.

பணம் வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.
பச்சையம்மா கேட்கவில்லை.
முந்தானையில் முடிந்திருந்த ஐந்து வெள்ளியை நீவி
மேசை மேல் வைத்தாள்.

"இது ஆன்தானே?"

ஆமாம் என்றேன்.